நாலு மணிப் பன்

அம்மாவின் கம்பெனியில் அந்த வாரம் என்ன ஆர்டர் ஓடுகிறது என்பதைச் சிறு வயதில் நான் பன்னைப் பார்த்தே சொல்லிவிடுவேன். பன்னைச் சுற்றி வரும் துணிதான் சேதி சொல்லும். ரோஸ் நிறத்தில் வாத்துக் குஞ்சு அச்சடித்திருந்தால் குழந்தைகள் உடுப்பு. கோடு போட்ட நீலம் என்றால் இரவு உடை. கறுப்பும் சாம்பலுமாக வந்தால் ஆண்களின் டீ சர்ட். அந்த வாரங்கள் எனக்குப் பிடிக்காது, பன்னே வாடிப்போன மாதிரி தெரியும்.

எங்கள் ஊர் பனியன் கம்பெனிகளில் காலையில் ஒரு டீ, சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு டீ. நாலு மணி டீயோடு தின்பதற்கும் ஏதாவது ஒன்று வரும். அம்மா செக்கிங் பிரிவில் இருந்தாள். தைத்து வந்த பீஸை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, ஓட்டையோ எண்ணெய்க் கறையோ தையல் விட்ட இடமோ தெரிந்தால் அங்கே சின்னதாக ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது அவள் வேலை. அந்தக் கம்பெனியில் பெரும்பாலான நாட்கள் தேங்காய் பன், சனிக்கிழமை என்றால் ஜிலேபி. அம்மா டீயை மட்டும் குடிப்பாள். பிறகு கட்டிங் மேசைக்கு அடியில் கிடக்கும் வேஸ்ட் துணியில் சுத்தமாக ஒரு துண்டை எடுத்து, பன்னைச் சுற்றி, மதியச் சோறு கொண்டுபோன ஒயர் கூடைக்குள் வைத்துவிடுவாள். அவள் மட்டும் இல்லை, வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிற பெண்கள் எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். நாலேகால் மணிக்கு வாய் மெல்லுகிற பெண் யாரென்று பார்த்தால் அவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகியிருக்காது என்று அம்மா சொல்லிச் சிரிப்பாள்.

நாங்கள் அப்போது வீரபாண்டியில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். ஆறு வீடு, ஒரு குழாய். அப்பா நிட்டிங் மெஷின் ஓட்டினார்; ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் இரவு ஷிப்ட் என்று அவருக்கும் எங்களுக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் அறிமுகம். நான் பள்ளி விட்டு வந்து, பக்கத்து வீட்டில் சாவி வாங்கி, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கம்பெனி வேனின் சத்தத்துக்காகக் காதைத் தீட்டி வைத்திருப்பேன். வேன் முக்கில் திரும்பும்போதே எனக்கு எச்சில் ஊற ஆரம்பித்துவிடும். அம்மா வருகிறாள் என்பதால் ஊறியதா பன் வருகிறது என்பதால் ஊறியதா என்று கேட்டால், அந்த வயதில் எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

பன் அழகாக வராது. டிபன் பாக்ஸுக்கு அடியில் அமுங்கி, தட்டையாகி, கொஞ்சம் சாம்பார் வாசமும் கொஞ்சம் புதுத்துணி வாசமுமாக வரும். மேலே பஞ்சுத் தூசி ஒட்டியிருக்கும். அம்மா முகம்கூடக் கழுவாமல், பன்னைக் குண்டு பல்புக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒவ்வொரு நூலாக எடுப்பாள். எட்டு மணி நேரம் செய்த வேலையை வீட்டுக்கு வந்தும் இன்னொரு தடவை செய்வாள். கடைசி நூலும் போன பிறகுதான் பன் என் கைக்கு வரும்.

"நீ தின்னலையாம்மா?" என்று தொடக்கத்தில் கேட்டிருக்கிறேன்.

"நான் அங்கயே தின்னுட்டேன் கண்ணு. ரெண்டு ரெண்டு குடுத்தாங்க."

தாராளமான கம்பெனி என்று நினைத்துக்கொண்டேன். அதற்கப்புறம் கேட்கவில்லை. வாய் நிறையப் பன்னை வைத்துக்கொண்டு கேள்வி கேட்பதும் கஷ்டம்தான்.

சாயங்காலம் ஆறு மணிக்குப் பன் உள்ளே போய்விட்டால் அப்புறம் சோறு எப்படி இறங்கும்? அம்மா பருப்பும் கீரையும் கடைந்து வைத்தால் நான் தட்டின் ஓரமாகக் கீரையை ஒதுக்கி வைத்து, நடுவில் இரண்டு வாய் தயிர்ச் சோறு தின்று எழுந்துவிடுவேன். ராகிக் களி கிண்டுகிற நாளில் எனக்கு வயிற்றுவலி வரும். காலையில் எட்டு மணிக்கு அம்மாவுக்கு வேன். இட்லி அவித்து, என் தலையைப் பின்னி, தனக்கும் எனக்கும் சோறு கட்டி அவள் ஓடுகிற ஓட்டத்தில், நான் இட்லியைத் தொட்டும் தொடாமலும் விட்டுவிட்டு டீயில் வர்க்கியைத் தோய்த்துத் தின்றுகொண்டு நிற்பேன். அது நனைந்து குவளைக்குள் விழுந்தால் ஸ்பூன் போட்டு எடுப்பேன். அம்மாவுக்கு என்னைத் திட்ட நேரம் இருந்ததில்லை. நேரம் இருந்திருந்தாலும் திட்டியிருக்க மாட்டாள். பகல் முழுக்கப் பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டுப் போகிறோமே என்கிற உறுத்தல் அவளுக்கு இருந்தது. அந்த உறுத்தலில் நன்றாகக் குளிர்காய்ந்தவள் நான்.

நான் கொழுகொழுவென்று வளர்ந்தேன். அது அம்மாவுக்குப் பெரிய பெருமை. குழாயடியில் நிற்கிற பெண்கள் என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, "ரெண்டு பேரும் வேலைக்குப் போற ஊட்டுப் பிள்ளையாட்டவா இருக்கறா?" என்பார்கள். அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள், ஆனால் அன்றைக்கு ரசம் மணக்கும். பத்தாம் வகுப்பு படிக்கும்போதே அம்மாவின் ஜாக்கெட் எனக்குப் போதவில்லை. அம்மாவோ தன் இடுப்பு உயரத்துக்கு நான் இருந்த காலத்தில் எப்படி இருந்தாளோ அப்படியேதான் இருந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து நடந்தால் யார் யாரைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்று தெரியாது. அவள் மெலிவை நான் ஒருபோதும் யோசித்ததில்லை. அம்மா என்றால் மெலிந்து இருப்பாள் என்பது என் கணக்கு.

கல்லூரி முடித்து நானும் பனியன் தொழிலுக்கே வந்தேன். முதலிபாளையம் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டுப் பையர் கேட்கிற மாதிரி சாம்பிள் தயார் செய்து அனுப்புவதும், ஏன் தாமதம் என்று அவர்கள் கேட்டால் பதில் எழுதுவதும், பதில் எழுதிய பின் தையல் பிரிவில் போய்க் கத்துவதும் என் வேலை. கத்துவதில் எனக்கு நல்ல பெயர். முதல் வாரமே ஒன்றைக் கவனித்தேன். நாலு மணி ஆனால் எனக்கு உடம்பு நடுங்கும், எரிச்சல் வரும், யாரைப் பார்த்தாலும் கோபம் வரும். கேன்டீனில் ஒரு பன்னோ பப்ஸோ உள்ளே போனால் மறுபடி மனுஷியாகிவிடுவேன். என் உடம்பில் கடிகாரம் வைத்தது யாரென்று எனக்குத் தெரியும், அதைச் சிரித்துக்கொண்டே எல்லோரிடமும் சொல்வேன். மேசை இழுப்பறையில் சாம்பிள் துணிகளுக்கு நடுவே எப்போதும் இரண்டு பாக்கெட் கிரீம் பிஸ்கட் இருக்கும்.

இதெல்லாம் போக, சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அம்மாவின் பன்னும் காத்திருக்கும். ஆமாம், நான் சம்பாதிக்க ஆரம்பித்து, லைன் வீட்டிலிருந்து தனி வீட்டுக்கு மாறி, வண்டி வாங்கிய பிறகும் அம்மா செக்கிங் வேலையை விடவில்லை. வீட்டில் சும்மா உட்கார்ந்தால் சீக்கு வந்துவிடும் என்றாள். ஒயர் கூடை மாறவில்லை. வேஸ்ட் துணி மாறவில்லை. பன்னில் ஒட்டிய நூலை எடுக்க இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டாள், அவ்வளவுதான். என் கம்பெனியிலும் நாலு மணிக்கு ஆளுக்கு ஒன்றுதான் தருகிறார்கள் என்பதை நான் தினமும் பார்த்தேன். பார்த்தும், ரெண்டு ரெண்டு குடுத்தாங்க என்று அம்மா சொன்னதை ஒரு நாளும் அதோடு சேர்த்து யோசிக்கவில்லை. ஆயிரம் பீஸில் ஒரு பட்டன் மாறியிருந்தால் கண்டுபிடிக்கிறவள் நான்.

கழுத்து கறுக்க ஆரம்பித்தது கல்லூரிக் காலத்தில். பின்கழுத்தில் பட்டையாக, அழுக்கு படிந்த மாதிரி. அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. வெயிலில் வண்டி ஓட்டுவதால் என்றாள், கவரிங் செயின் போடுவதால் என்றாள். ஞாயிற்றுக்கிழமை என்னைக் குனிய வைத்து, கடலை மாவும் எலுமிச்சையும் போட்டுத் தேய்ப்பாள். செக்கிங்காரிக்குக் கறை என்றால் விடமுடியுமா? தோல் சிவந்து நான் கத்துகிற வரை தேய்ப்பாள். கறுப்பு மட்டும் போகவில்லை.

இருபத்தேழு முடிந்து இருபத்தெட்டு நடக்கும்போது மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. மதியம் சாப்பிட்டதும் கம்ப்யூட்டர் முன்னாலேயே கண் சொருகியது. ஒரு நாள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பெண் டாக்டரிடம் சத்து மாத்திரை வாங்கலாம் என்று போனேன். அவர் நாடி பார்ப்பதற்கு முன் என் முடியை ஒதுக்கிக் கழுத்தைப் பார்த்தார். "இது எத்தனை வருசமா இருக்குதுங்க?" என்று கேட்டார். ரத்தம் எடுக்கச் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு பேசினார். "கழுத்துக் கறுப்பு அழுக்கில்லைங்க, சுகரோட அடையாளம். சுகர் இன்னும் உள்ள வரலைங்க. ஆனா வாசல்ல வந்து நிக்குது. இப்ப கதவைச் சாத்துனா சாத்திரலாம். விட்டுட்டீங்கன்னா முப்பது வயசுல மாத்திரை ஆரம்பிக்கோணும், கல்யாணம் பண்ணிக் கர்ப்பம் ஆகறப்ப இன்னும் சிரமம்." சின்ன வயதிலிருந்து என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டார். வர்க்கி, பன், ஜிலேபி, ஒதுக்கிய கீரை எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருந்தது. "பரம்பரையும் சேரும், உக்காந்த வேலையும் சேரும், இது ஒண்ணாலன்னு சொல்ல முடியாதுங்க. ஆனா உடம்பு பழகுனது பழகுனதுதான். பழக்கத்தை மாத்துங்க, நடங்க. மூணு மாசம் கழிச்சு மறுக்கா பாக்கலாம்" என்றார்.

கேன்டீன் பன்னை அன்றே விட்டேன். இழுப்பறைப் பிஸ்கட்டைத் தையல் பிரிவில் இருந்த பீகார்ப் பெண்களுக்குக் கொடுத்தேன். நாலு மணிக்குச் சுண்டல் கட்டிக்கொண்டு போனேன். அது ஒன்றும் பெரிய கஷ்டமில்லை, இரண்டு வாரம் எல்லோரிடமும் கொஞ்சம் அதிகமாகக் கத்தினேன், அவ்வளவுதான். ஆனால் அம்மாவின் பன்னை என்ன செய்வது?

வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால், தான் ஊட்டியதுதான் இப்படி ஆகிவிட்டது என்று அவள் நினைப்பாள். இருபது வருடம் வேனிலும் பஸ்ஸிலும் மடியில் வைத்துக் கொண்டுவந்ததை விஷம் என்று எப்படிச் சொல்வது? டாக்டர் சத்து மாத்திரைதான் கொடுத்தார் என்று புளுகினேன். சாயங்காலம் அம்மா நூல் எடுத்துக் கொடுத்த பன்னை, "அப்பறமாத் தின்னுக்கறேம்மா" என்று வாங்கி, துணியோடு வண்டி டிக்கியில் போட்டேன். காலையில் கம்பெனிக்குப் போகிற வழியில் நாய்களுக்குப் போட்டேன். நாலே நாளில் அந்தத் தெரு நாய்கள் என் வண்டிச் சத்தத்துக்கு வாலாட்டிக்கொண்டு ஓடிவர ஆரம்பித்தன. வேன் சத்தத்துக்கு நான் காத்திருந்த மாதிரியே அவை காத்திருந்தன.

அப்படி ஒரு மாதம் ஓடியது. பிறகு ஒரு வாரம் ஆடிட் என்று விடியற்காலையிலேயே வேறு வழியாகப் போக வேண்டியிருந்தது. நாய்களை மறந்தேன், டிக்கியையும் மறந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பொங்கலூரில் பெரியம்மா வீட்டில் ஒரு விசேஷம். நான் உள்ளே தலை சீவிக்கொண்டிருந்தேன். தேங்காய் பழத் தட்டை வைக்கலாம் என்று அம்மா சாவியை எடுத்துப் போய் டிக்கியைத் திறந்திருக்கிறாள். வெகு நேரம் ஆளைக் காணோமே என்று வெளியே வந்து பார்த்தேன். வண்டி சீட்டின் மேல் ஐந்து பன்களை வரிசையாக வைத்திருந்தாள். ஐந்தும் ஐந்து துணியில். இரண்டில் பூசணம் பூத்திருந்தது. அம்மா அவற்றைத் தொடாமல், செக்கிங் மேசையில் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் அவள்தான் பேசினாள்.

"ஏங்கண்ணு, வேஸ்ட் துணில சுத்திக் கொண்டாறது உனக்கு அருவருப்பா இருக்குதா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் டப்பா கொண்டு போயிருப்பேனல்ல."

நான் ஆபீஸர் ஆகிவிட்டேன், அதனால் அவள் துணி எனக்கு அசிங்கமாகிவிட்டது என்று நினைத்துவிட்டாள். எதை மறைத்தேனோ அதைவிடக் கேவலமான ஒன்றை அவளை நம்ப வைத்துவிட்டேன். எனக்கு அழத் தெரியாது, கோபப்படத்தான் தெரியும். "பைத்தியமா உனக்கு?" என்று தெருவே கேட்கிற மாதிரி கத்தினேன். உள்ளே போய் பீரோவிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தேன். இங்கிலீஷ் அவளுக்குப் படிக்க வராது. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"இதுல எந்த எடத்துல டேமேஜுன்னு காட்டு."

காட்டினேன். சர்க்கரை என்று எழுதியிருந்த வரியின் மேல் விரலை வைத்துச் சொன்னேன். டாக்டர் சொன்னதையும் சொன்னேன். அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டு அந்த வரியையே பார்த்தாள். படிக்கத் தெரியாத வரியை எவ்வளவு நேரம் பார்க்க முடியுமோ அவ்வளவு நேரம் பார்த்தாள்.

"அப்ப நாந்தானே இதுக்குக் காரணம்?"

இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். எனக்குச் சொல்ல ஒரு நிமிடம் ஆனது. பரம்பரை, உட்கார்ந்த வேலை, என் பிஸ்கட், என் பிடிவாதம் என்று ஆயிரம் இருந்தும், அந்த ஒரு நிமிடம் என் வாய் திறக்கவில்லை. அதற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அதற்குள் அம்மா பன்களை ஒவ்வொன்றாக எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டுத் துணிகளை மட்டும் உதறி மடித்துக்கொண்டாள். வண்டியில் பின்னால் உட்கார்ந்தால் எப்போதும் என் தோளைப் பிடித்துக்கொள்வாள். அன்றைக்குப் பொங்கலூர் போய்ச் சேரும் வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, "அந்த டாக்டரம்மாகிட்ட என்னைக் கூட்டிட்டுப் போ. நான் கேக்கோணும்" என்றாள். என்ன கேட்க வேண்டும் என்று கேட்டேன். அது தனக்கும் டாக்டருக்கும் நடுவில் என்றாள்.

டாக்டர் முன் நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு அம்மா கேட்டாள்: "ஏனுங்க டாக்டர், தெரியாமச் செஞ்சுட்டேனுங்க. பிள்ளை ஏங்கிப் போயிருமேன்னுதானுங்க தினமும் கொண்டாந்தேன். இதைச் சரி பண்றதுக்கு நான் என்ன செய்யோணும்? சொல்லுங்க, எதுன்னாலும் செய்யறேன்."

டாக்டர் எழுந்து வந்து அம்மாவின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். நான் மேஜைக்கு இந்தப் பக்கம் என் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"படி ஏறுனா படபடன்னு வருதுங்களா?"

"வயசாச்சல்லங்க."

"காலைல என்ன சாப்புடுவீங்க?"

"டீ குடிப்பேனுங்க. வேனுக்கு நேரமாயிரும்."

"மத்தியானம்?"

"சோறுங்க. சித்தெ தின்னா போதும், பீஸ் நிறையக் கெடக்குமல்ல."

"நாலு மணிக்கு?"

"டீங்க."

"வெறும் டீயா? கம்பெனில கடிக்க ஒண்ணும் குடுக்க மாட்டாங்களா?"

"குடுப்பாங்க. ஒண்ணு குடுப்பாங்க." அம்மா என்னைப் பார்க்காமல் சொன்னாள். "அது பிள்ளைக்குங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிள்ளை எழுபத்தெட்டு கிலோ எடையில், கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையோடு உட்கார்ந்திருந்தது. அந்த நாற்காலிக்கு அடியில் ஒரு ஓட்டை இருந்திருந்தால் நான் அதில் இறங்கிப் போயிருப்பேன். ரெண்டு ரெண்டு குடுத்தாங்க. ஆறு வயதில் நம்பியதை இருபத்தெட்டு வயது வரைக்கும் சௌகரியமாக நம்பியிருக்கிறேன்.

அங்கேயே சோதித்துப் பார்த்ததில் அம்மாவுக்கு ரத்தம் ரொம்பக் குறைவாக இருந்தது. என் நோய் வாசலில்தான் நின்றது, அவள் நோய் எப்போதோ உள்ளே வந்து பாய் விரித்துப் படுத்திருக்கிறது. இரும்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து, காலையில் வெறும் வயிற்றோடு போகக் கூடாது, கீரை, ராகி, முட்டை சேர்க்க வேண்டும், நாலு மணிக்கு எதையாவது கடிக்க வேண்டும் என்றார் டாக்டர். "உங்க பொண்ணுக்கு நீங்க செய்ய வேண்டியது இது ஒண்ணுதாம்மா. கம்பெனில குடுக்கறதை அங்கயே தின்னுட்டு வாங்க. வெறும் வயித்துக்கு அது தேவலை. கடலை, சுண்டல் இருந்தா இன்னும் நல்லது." அம்மா தலையாட்டினாள். பிறகு எழுந்திருக்கும்போது, "நான் தின்னா, அவளுக்குச் சரியாயிருங்களா?" என்றாள். டாக்டர் ஒரு நொடி யோசித்துவிட்டு, "ஆகுமுங்க" என்றார். அந்தப் பொய்க்காக அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

வீட்டுச் சமையல் அன்று முதல் மாறியது. எனக்குப் பிடிக்காதது எல்லாம் அம்மாவுக்கு மருந்து, அம்மாவுக்கு மருந்தானதெல்லாம் எனக்கும் நல்லது என்பதால் ஒரே சட்டியில் வேலை முடிந்தது. இருபத்தெட்டு வயதில் ராகிக் களியை விழுங்கக் கற்றுக்கொண்டேன். பிடித்திருக்கிறது என்று சொன்னால் பொய். ஆனால் நான் ஒதுக்கினால் அவளும் ஒதுக்குவாள் என்று தெரிந்ததால் விழுங்கினேன். காலையில் நான் இட்லியைத் தின்று முடிக்கிற வரை அவள் எதிரே உட்கார்ந்திருப்பாள், அவள் தின்று முடிக்கிற வரை நான் நகர மாட்டேன். போலீஸ் மாதிரி ஒருவரை ஒருவர் காவல் காத்தோம். அப்பா இதையெல்லாம் பார்த்துவிட்டு, "என்ற ஊட்ல எப்ப ஜெயில் தொறந்தீங்க?" என்று கேட்டார்.

ஆனால் பன் மட்டும் நிற்கவில்லை. டாக்டரைப் பார்த்து வந்த மறுநாளே ஒயர் கூடைக்குள் அது இருந்தது. வேண்டுமென்று கொண்டுவரவில்லை, அம்மாவே கூடையைத் திறந்து திகைத்துப் போனாள். "கை தானாச் சுத்தி வெச்சிருச்சு கண்ணு" என்றாள். நான் கத்தினேன். அதற்கடுத்த நாளும் வந்தது. கத்தவில்லை, கும்பிட்டேன். "வாயில வெச்சா எறங்க மாட்டேங்குது. உன்ற ஞாபகமே வருது. நான் என்ன பண்றது?" என்றாள். பன்னைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தோம். மாத்திரையும் கீரையும் அவளுக்குக் கொஞ்சம் தெம்பைக் கொடுத்தன, நகத்தில் வெளிறல் குறைந்தது, நாலு மணி மட்டும் வெறும் டீயாகவே இருந்தது. நானோ சாயங்காலம் நடக்கப் போனேன், மாடிப்படியில் ஏறினேன், பேன்ட் இடுப்பு தளர்ந்தது. அவளை விட்டுவிட்டு நான் மட்டும் பாஸ் ஆகிறேனோ என்று பயமாக இருந்தது.

மூன்று மாதம் முடிந்ததும் ரத்தம் கொடுத்தேன். ஒரு புதன்கிழமை சாயங்காலம் கம்பெனியிலிருந்து சீக்கிரம் கிளம்பிப் போய் ரிப்போர்ட் வாங்கினேன். டாக்டர் பார்த்துவிட்டு, "வாசல்ல நின்னது படி எறங்கியிருக்குதுங்க. இன்னும் தெருவுலதான் நிக்குது, கதவைத் தொறந்து போட்றாதீங்க" என்றார். பின்கழுத்தைப் பார்த்தார், அதுகூட லேசாக வெளுக்க ஆரம்பித்திருக்கிறது என்றார். எனக்குக் கால் தரையில் படவில்லை. அம்மா வருவதற்கு முன் வீட்டுக்குப் போய்விட வேண்டும், அவள் கேட்பதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்று வண்டியை விரட்டினேன். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வேன் சத்தத்துக்காகக் காத்திருந்தேன், ரொம்ப வருடம் கழித்து.

வேன் முக்கில் நின்றது. அம்மா இறங்கி வந்தாள். ரிப்போர்ட்டை ஆட்டிக்கொண்டே எழுந்தேன். ஆனால் அவள் நடையில் ஏதோ வித்தியாசம் இருந்தது. தப்பு செய்துவிட்டு வருகிறவள் மாதிரி, கூடையைச் சேலை மறைவில் பிடித்துக்கொண்டு வந்தாள். வாசலுக்கு வந்ததும் கூடையை என் முன்னால் வைத்துத் திறந்து காட்டினாள். கழுவிய டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில். வேறு ஒன்றும் இல்லை.

"இன்னிக்கு நான் தின்னுட்டேன் கண்ணு" என்றாள். மன்னிப்புக் கேட்கிற குரல். "பசிச்சுது. நெசமாவே பசிச்சுது. முழுசையும் தின்னுட்டேன்."

என் ரிப்போர்ட்டை மறந்துவிட்டேன். அந்தக் காலிக் கூடையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்கு அழத் தெரியாது என்று சொன்னேன் அல்லவா, அது அன்றைக்குப் பொய்யானது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன்.

"எப்படிம்மா இருந்துச்சு?"

அம்மா செருப்பைக் கழற்றாமல் அங்கேயே நின்று யோசித்தாள். இருபது வருடமாக நூல் எடுத்துக் கொடுத்த ஒன்றை முதல் முறையாகத் தின்றிருக்கிறாள். எந்தப் பீஸையும் பார்க்காமல் பாஸ் செய்கிறவள் இல்லை அவள்.

"ஓரமெல்லாம் காஞ்சு கெடக்குது. நடுவுல தேங்காயே இல்ல, வெறும் சக்கரைதான். தொண்டையில அடைக்குது, டீ இல்லாம எறங்காது." சொல்லச் சொல்ல அவள் முகம் சுருங்கிக்கொண்டே போனது. "ஏங்கண்ணு, இதையா இத்தனை வருசமா உனக்குக் கொண்டாந்து குடுத்தேன்?"

"எங்கிட்ட வாறப்ப நல்லாத்தாம்மா இருந்துச்சு" என்றேன்.